அப்பா ஃபீல்டுக்கு, பிள்ளை மதுரைப் பள்ளிக்கு: மிலிட்டரிக் குடும்பங்களுக்கான பள்ளி மாற்ற வழிகாட்டி

ராணுவத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஃபீல்டு போஸ்டிங் (எல்லை போன்ற இடங்களில் களப்பணி) வந்துவிட்டால் குடும்பம் கூடப் போக முடியாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கறுப்பு டிரங்குப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் பக்கம் சொந்த வீடு இருக்கும். இல்லாவிட்டால் மதுரை டவுனில் ஒரு வாடகை வீடு. இரண்டு மூன்று வருடம் கழித்து, குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷன் கிடைத்ததும் மறுபடி பெட்டி கட்டுவார்கள். நடுவில் பள்ளி மாறுவது பிள்ளை, அலைவது அம்மா.

மதுரை கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) உள்ள ஊர் இல்லை. அதனால் அம்பாலாவிலோ ஜபல்பூரிலோ பழகியதுபோல கேட்டைத் தாண்டினால் ஆர்மி பப்ளிக் ஸ்கூல், பிள்ளையைக் கொண்டுபோய் விட யூனிட் வண்டி என்று எதிர்பார்க்கக் கூடாது. பள்ளியில் உள்ளவர்களுக்கு "பார்ட் டூ ஆர்டர்" (பிறப்பு போன்ற குடும்ப விவரங்களைப் பதியும் யூனிட் ஆணை) என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள்தான் விளக்க வேண்டும்.

பள்ளி தேடும் முன்

பெரும்பாலானோர் செய்யும் தவறு, வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி என்று முதலில் தேடுவது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மூன்று வருடம் கழித்து இந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? அதற்குப் பதில் தெரிந்தால் பாடத்திட்டம் தானாக முடிவாகிவிடும்.

அப்பாவுக்கு இன்னும் எட்டு, பத்து வருட சர்வீஸ் பாக்கி என்றால் குறைந்தது இரண்டு மாற்றம் முன்னால் நிற்கிறது. அப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்தை விடாதீர்கள். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே புத்தகம் என்பது சின்ன விஷயமில்லை. பென்ஷன் வர ஒரு வருடமோ இரண்டு வருடமோதான் இருக்கிறது, பிறகு ஊரோடு இருக்கப் போகிறோம் என்றால் கணக்கு மாறுகிறது. அந்த நிலையில் ஆறாம் வகுப்புக்கு முன்பே அரசுப் பள்ளியில் சேர்ப்பதை மனம் விட்டு யோசிக்கலாம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை இங்குள்ள அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் வெளிமாநிலம் போனாலும் அந்த உரிமை போய்விடும்.

சிபிஎஸ்இ என்று முடிவானால் முதலில் பார்க்க வேண்டியது கேந்திரிய வித்யாலயா (கேவி). மதுரையில் ஒன்று நரிமேட்டில், மற்றொன்று திருப்பரங்குன்றத்தில். பிள்ளை ஏற்கெனவே வேறு ஊரில் கேவியில் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குப் பெரிய சாதகம் ஒன்று இருக்கிறது. பொதுவாக கேவி டிசி வைத்திருக்கும் பிள்ளைக்கு, பெற்றோர் மாற்றலாகிப் போகும் ஊரில் இடம் கிடைக்கும். ஃபீல்டுக்குப் போகிற படைவீரர் குடும்பத்துக்குக் கூடுதல் சலுகை: குடும்பம் எந்த ஊரில் தங்குகிறதோ அந்த ஊர் கேவியிலேயே சேர்க்கலாம், அப்பா அங்கே பணியில் இருக்க வேண்டியதில்லை. இந்த விதி கேந்திரிய வித்யாலய சங்கதனின் சேர்க்கை வழிகாட்டுதலில் எழுத்தில் இருக்கிறது. கவுண்டரில் "அப்பா மதுரையில் வேலை பார்க்கலையே" என்று கேட்டால் தயங்காமல் அதைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது; வாய் வார்த்தைக்கு மரியாதை குறைவு.

பிள்ளை இதுவரை ஆர்மி பப்ளிக் ஸ்கூலிலோ தனியார் சிபிஎஸ்இ பள்ளியிலோ படித்திருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது. புதுச் சேர்க்கை என்று கணக்கிடுவார்கள். 2 முதல் 8 வரை காலியிடம் இருந்தால்தான் இடம். 9-க்கு நுழைவுத் தேர்வு உண்டு. மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர், படைவீரர் என்பதால் முன்னுரிமை வரிசையில் நீங்கள் மேலே இருப்பீர்கள். கடந்த ஏழு ஆண்டில் எத்தனை முறை மாற்றல் ஆனது என்பதும் அதில் எண்ணப்படும். அதனால் அந்த எண்ணிக்கை சர்வீஸ் சான்றிதழில் தெளிவாக வர வேண்டும். கேவி கிடைக்கும் என்று நம்பி மற்ற வழிகளை மூடிவிடாமல் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியிலும் பேசி வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வயதில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தாலே ஒன்றாம் வகுப்பு. கேவியில் மார்ச் 31 அன்று ஆறு நிறைந்திருக்க வேண்டும். ஊரில் ஐந்தில் சேர்த்த பிள்ளையைப் பிறகு கேவிக்கு மாற்றப் பார்த்தால் வயது ஒத்துப்போகாமல் ஒரு வகுப்பு கீழே இறங்க நேரலாம். பாலர் பள்ளி வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

வீட்டைப் பள்ளி முடிவான பிறகு பாருங்கள். உசிலம்பட்டியில் இருந்து நரிமேட்டுக்குப் போகவர ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் ஆகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடம் ஆகாது, பஸ் பயணம்தான். கேவி என்றால் நரிமேடு, பீபீகுளம் பக்கமோ, திருப்பரங்குன்றம், பசுமலை பக்கமோ வாடகைக்கு வருவதே மேல். மாமியார் வீட்டுக்கு வார இறுதியில் போகலாம்.

காகிதம்: கடைசி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன்

ஊருக்கு வந்த பிறகு ஒரு சீல் விட்டுப்போனது தெரிந்தால் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பழைய பள்ளியிடம் வாட்ஸ்அப்பில் கெஞ்ச வேண்டியிருக்கும். அப்பாவோ பனிமலையில் சிக்னல் இல்லாமல் இருப்பார். ஆகவே இரண்டு மாதம் முன்னதாகவே ஆரம்பித்துவிடுங்கள்.

யூனிட்டிலிருந்து வாங்க வேண்டியவை: கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தும் வட்ட முத்திரையும் உள்ள சர்வீஸ் சான்றிதழ், போஸ்டிங் ஆர்டர் அல்லது மூவ்மென்ட் ஆர்டரின் நகல், பிள்ளையின் பிறப்பு பதிவான பார்ட் டூ ஆர்டர் நகல், டிபெண்டன்ட் கார்டு (குடும்பத்தினருக்கான அடையாள அட்டை). சர்வீஸ் சான்றிதழில் இந்தப் போஸ்டிங்குக்குக் குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியாது என்ற வரி இருக்கட்டும். கேவி கவுண்டரில் வேலை செய்வது அந்த வரிதான்.

பள்ளியிலிருந்து: டிசி, கடைசி இரண்டு வருட மதிப்பெண் பட்டியல், நடத்தைச் சான்று, நடப்பு ஆண்டில் நடந்த தேர்வுகளின் மதிப்பெண். கடைசியாகச் சொன்னதைப் பலர் வாங்க மறக்கிறார்கள். வருட நடுவில் சேரும் பிள்ளைக்குப் புதுப் பள்ளி முதல் தேர்வு மதிப்பெண் கேட்கும், இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாக நிற்கும்.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நமக்கு இனிஷியல் போதும். வடக்கே படிவத்தில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. பிறப்புச் சான்றில் "செ. கார்த்திகா". ஆதாரில் "கார்த்திகா எஸ்". பள்ளிப் பதிவேட்டில் கிளார்க் அப்பா பெயரைச் சேர்த்து "கார்த்திகா செல்வம்". பார்ட் டூ ஆர்டரில் வெறும் "கார்த்திகா". நான்கு காகிதத்தில் நான்கு பிள்ளைகள்! இன்னொன்று, அப்பாவின் பெயருக்கு முன்னால் பதவியைச் சேர்த்து "நாயக் செல்வம்" என்று பதிந்துவிடுவது. பிறகு நாயக் என்பதே பெயரின் பகுதியாகி எல்லாச் சான்றிலும் தொடரும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக, ஆங்கில ஸ்பெல்லிங் உட்பட ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். ஒன்பதாம் வகுப்பில் சிபிஎஸ்இ பதிவு நடக்கும் முன் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பெயரை மாற்றுவது நாய் படாத பாடு.

சாதிச் சான்று: வெளிமாநில டிசியில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவோ பொதுப் பிரிவு என்றோ இருக்கும். இங்கே பள்ளியில் கேட்பார்கள். பிள்ளை பேரில் சான்று இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அப்பாவின் சான்று இருந்தால் எளிது.

இவை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, உங்கள் கையோடு ரயிலில் கொண்டு வாருங்கள். டிரங்குப் பெட்டிக்குள் வைத்து லாரியில் ஏற்றாதீர்கள். லாரி வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும்.

டிசி எங்கே சிக்கும்

மாநிலம் விட்டு மாநிலம் வரும் டிசிக்கு அந்த ஊர் மாவட்டக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பது இங்கே வழக்கம். கேவியிலிருந்து கேவிக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்ற பள்ளிகளில் டிசி வாங்கிய அன்றே மேலொப்பத்துக்கும் போய்விட வேண்டும்.

இப்போது இன்னொரு முடிச்சும் சேர்ந்திருக்கிறது. யூடைஸ் பிளஸ் என்ற நாடு தழுவிய பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் நிரந்தரக் கல்வி எண் உண்டு. பழைய பள்ளி டிசி கொடுத்தால் மட்டும் போதாது, கணினியிலும் பிள்ளையை விடுவிக்க வேண்டும். அப்போதுதான் புதுப் பள்ளியால் தன் பட்டியலுக்குள் இழுக்க முடியும். விடுவிக்காவிட்டால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பதிவில் இன்னும் பழைய ஊரில் இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எமிஸ் என்ற மாநில மாணவர் பதிவும் இதோடு கோத்துக்கொண்டு நிற்கும். டிசி வாங்கும்போதே "யூடைஸில் ரிலீஸ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டு, நிரந்தரக் கல்வி எண்ணைக் குறித்து, அந்த வேலையைச் செய்யும் கிளார்க்கின் செல் நம்பரையும் வாங்கி வாருங்கள். தலைமையாசிரியர் நம்பரைவிட அது பயன்படும்.

டிசி தாமதமானால் கலங்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, அரசு, உதவிபெறும் பள்ளியில் சேர்க்க டிசி தாமதம் ஒரு தடையாகக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. பிறகு தருகிறோம் என்று எழுதிக்கொடுத்து வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது; திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளும் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் உதவும்; பெயரில் 'முன்னாள்' என்று இருப்பதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு விஷயம். அப்பாவின் அலுவலக முகவரி என்ற இடத்தில் யூனிட் இருக்கும் ஊரை எழுதாதீர்கள். 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) முகவரியும் 9-ல் தொடங்கும் பின்கோடும் போதும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "எங்க வீட்டுக்காரர் இன்ன மலையில இருக்கார்" என்று போடுவதும் அதே வகை. பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்: யாராவது கேட்டால், "அப்பா பார்டர்ல இருக்கார்", அவ்வளவுதான்.

முதல் வாரம்: வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்

வாசலில் நின்று சொல்வதை ஆசிரியர் மறந்துவிடுவார், நாற்பது பிள்ளைகள். எழுதிக்கொடுத்தால் மேசை டிராயரில் இருக்கும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியருக்கு, என் மகள் மூன்று ஆண்டுகள் வட மாநிலத்தில் ஹிந்தியும் ஆங்கிலமும் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிக்க இப்போதுதான் பழகுகிறாள். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்வதை இரண்டு மாதம் தள்ளிப்போட வேண்டுகிறேன். வாய்ப்பாட்டை மனதுக்குள் ஹிந்தியில் சொல்லித்தான் கணக்குப் போடுவாள், அதனால் நேரம் எடுக்கும். விடை சரியாக இருக்கும். அவள் அப்பா ராணுவத்தில் எல்லைப் பணியில் இருக்கிறார். லீவில் வரும்போது ஓரிரு நாள் விடுப்பு கேட்போம். அவசரத்துக்கு என் எண்ணும் அவளுடைய தாய்மாமன் எண்ணும் கீழே."

கேவியில் சேர்த்தால் மொழி பற்றிய வரிகளை நீக்கிவிடலாம். அங்கே ஹிந்தி, சமஸ்கிருதம், ஆங்கிலம் என்று பழகிய தடம்தான்.

மாநிலப் பள்ளியில் சின்னச் சின்னப் பழக்கங்கள் பிள்ளையைத் தடுமாற வைக்கும். வருகைப் பதிவின்போது "பிரசென்ட்" என்று சொல்லிப் பழகிய பிள்ளை, எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்று சொல்லும்போது திருதிருவென்று விழிக்கும். காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வாயசைக்கத் தெரியாமல் நிற்பது முதல் நாளே பக்கத்துப் பிள்ளைகள் கண்ணில் படும். சேர்வதற்கு முந்தைய வாரமே வீட்டில் பாடிப் பழக்கிவிடுங்கள். அரைமணி நேர வேலை, ஆனால் பிள்ளைக்கு அது பெரிய தைரியம்.

தமிழ் வாசிப்பு: உண்மையான வேலை இங்கேதான்

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். பிள்ளை ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இங்கே வந்தால் தமிழ்த் தேர்வை எப்படி எழுதும் என்பதைச் சேர்க்கும் முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்தபின் கேட்பது தாமதம்.

"தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரணுமாக்கும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். சொல்லித்தர வேண்டும். பேசுவது வேறு, வாசிப்பது வேறு. ஆனால் ஹிந்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளை வெறும் கையோடு வரவில்லை. பன்னிரண்டு உயிரெழுத்தில் பத்து அதற்கு ஏற்கெனவே தெரியும், வரிசையும் ஒன்றுதான். புதிதாக வருவது குறில் எ, குறில் ஒ இரண்டும். "எடு", "ஏடு", "கொடு", "கோடு" என்று ஜோடி ஜோடியாகச் சொல்லவைத்தால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். கெ, கே, கை என்று குறி எழுத்துக்கு முன்னால் நிற்பதும் அதற்கு அதிசயமாக இருக்காது. ஹிந்தியில் 'கி' எழுதும்போது குறி முன்னால்தானே வருகிறது.

சிக்கல் மூன்று இடத்தில். முதலாவது, ஹிந்தியில் க-வுக்கு நான்கு எழுத்து, நமக்கு ஒன்றே ஒன்று. "இதுல அழுத்திச் சொல்ற க எது, மென்மையா சொல்ற க எது?" என்று பிள்ளை கேட்கும். "சும்மா படி" என்று அதட்டாமல் விதியைச் சொல்லுங்கள்: சொல்லின் முதலிலும் இரட்டித்தாலும் அழுத்தி (கடல், பக்கம்), மெல்லினத்துக்குப் பின் மென்மையாக (தங்கம்), நடுவில் தனியாக வந்தால் காற்றுப்போல (பகல்). ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதை. இதைச் சொல்லிக்கொடுத்த அன்றே வாசிப்பு பாதி வேகம் கூடும்.

இரண்டாவது, உகர வரிசை. கு, சு, டு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் வளைகிறது, ஊகாரம் அதைவிட மோசம். பதினெட்டு எழுத்துக்கும் குறில் நெடில் என முப்பத்தாறு உருவத்தை ஒரு சார்ட்டில் எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள். இதற்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போனால் ஆறு மாதம் கழித்தும் "து"வும் "நு"வும் குழம்பும்.

மூன்றாவது ல-ள-ழ, ர-ற, ந-ன-ண. வாசிக்கும்போது பெரிதாகத் தெரியாது, எழுதும்போது மதிப்பெண் பறிபோகும். இதை முதல் மூன்று மாதத்தில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வாசிப்பு ஓட ஆரம்பித்தபின் கண்ணே பாதி வேலையைச் செய்துவிடும்.

தினமும் இருபது நிமிடம், காலையில். ஞாயிறு இரண்டு மணி நேரம் என்று சேர்த்துவைத்தால் பலிக்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் முதலாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும். "குட்டிப் பாப்பா புக்கு" என்று கூச்சப்படும், பிரவுன் அட்டை போட்டுவிடுங்கள்.

புத்தகத்தைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி மதுரைத் தெருவில் இலவசமாக ஓடுகிறது: டவுன் பஸ் போர்டு. "மாட்டுத்தாவணி" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாசிக்கும் பிள்ளை அதை "மாடுதாவணி" என்று சொல்லும். ட்-டு, த்-தா இரண்டு இடத்திலும் புள்ளி எழுத்தை விழுங்கிவிடும். ஹிந்தியில் அந்த இடத்தில் இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஓர் உருவமாக நிற்கும், இங்கே தனித்தனியாக நிற்பதால் கண் தாண்டிப்போகிறது. மா-ட்-டு-த்-தா-வ-ணி என்று கையால் தட்டிச் சொல்லவையுங்கள், புள்ளி வரும்போது ஒரு தட்டு நிறுத்தம். அடுத்து "ஆரப்பாளையம்", அப்புறம் "திருப்பரங்குன்றம்". கடைசியை ஒரே மூச்சில் வாசித்த அன்று ஒரு ஜிகர்தண்டா வாங்கிக்கொடுக்கலாம்.

பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம் இன்னொரு முட்டுக்கட்டை. "வந்துட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு "வந்துவிட்டார்கள்" வேற்று மொழி. ஒரு பத்தியை நீங்கள் புத்தகத்தில் இருப்பதுபோல வாசியுங்கள், பிள்ளை அதை வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

எழுத்துப் பயிற்சிக்கு அப்பாவுக்குக் கடிதம். செல் சிக்னல் எட்டாத இடத்துக்கும் ஏபிஓ தபால் போய்ச் சேரும். முதல் கடிதம் நான்கு வரிதான் இருக்கும், அதில் ஏழு பிழை இருக்கும். திருத்தாமல் அனுப்புங்கள். அப்பா பதிலில் அதே சொற்களைச் சரியாக எழுதினால் போதும்.

டியூஷன் பற்றி: எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு சென்டரில் தள்ளிவிடுவது வீண். தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாராவது இருப்பார். மூன்று மாதம் தமிழுக்கு மட்டும் அவரிடம் அனுப்புங்கள்.

மற்ற பாடங்கள்

கணக்கும் அறிவியலும் மொழியளவுக்குத் தொல்லை தராது. கவனிக்க வேண்டியது நாட்காட்டி. கேவி வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கும், மாநிலப் பள்ளி ஜூனில். மாநிலப் பள்ளியில் கீழ்வகுப்புகளுக்குப் புத்தகம் பருவம் பருவமாக வரும். செப்டம்பர், அக்டோபரில் சேரும் பிள்ளைக்கு இரண்டாம் பருவப் புத்தகம் மட்டும் கையில் வரும். முதல் பருவப் புத்தகத்தைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பாடநூல் கழக இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். சமூக அறிவியலில் மட்டும் தமிழக வரலாறு, புவியியல் புதிதாக இருக்கும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

பத்திலும் பன்னிரண்டிலும் பள்ளி மாற்றாதீர்கள். ஒன்பதிலும் பதினொன்றிலும் சிபிஎஸ்இ தன்னிடம் மாணவர்களைப் பதிவு செய்துவிடும். அடுத்த வருடம் பள்ளி மாற்ற வேண்டுமென்றால் பெற்றோர் மாற்றல் போன்ற காரணம் காட்டி, மதிப்பெண் பட்டியல், டிசி, போஸ்டிங் ஆர்டரோடு பள்ளி வழியாக வாரிய அனுமதி பெற வேண்டும். முடியாததல்ல, ஆனால் தேர்வு வருடத்தில் இரண்டு மாதம் இதிலேயே போய்விடும். பத்து சிபிஎஸ்இயில் முடித்துவிட்டுப் பதினொன்றில் மாநிலப் பாடத்திட்டத்துக்கு வருவது சுலபம். நடுவில் தாவுவதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

போஸ்டிங் வரும் வருடம் பிள்ளை பத்திலோ பன்னிரண்டிலோ இருந்தால், குடும்பம் இருக்கும் குவார்ட்டர்ஸைப் பிள்ளை படிப்புக் காரணத்துக்காகத் தக்கவைக்க யூனிட் வழியாக விண்ணப்பியுங்கள். ஃபீல்டுக்குப் போகிறவர்களின் குடும்பத்துக்கென்று தனிக் குடியிருப்பு உள்ள ஸ்டேஷன்களும் உண்டு. காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால் ஆர்டர் கையில் வந்த வாரமே மனு போக வேண்டும்.

மாற்றல் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு வழி அமராவதிநகர் சைனிக் பள்ளி. உடுமலைப்பேட்டை பக்கம், 1962-இல் தொடங்கியது, விடுதிப் பள்ளி, சிபிஎஸ்இ. 6, 9 வகுப்புகளில் அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு, பெண் பிள்ளைகளும் சேரலாம். ஆறாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று வயது 10 முதல் 12-க்குள் இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளையும் விடுதிக்குப் பொருந்தாது. பிரிவே பிரச்சினையாக இருக்கும் பிள்ளையை இன்னொரு பிரிவுக்கு அனுப்பும் முன் யோசியுங்கள்.

வெளிமாநிலத்தில் படித்த வருடங்கள் இருந்தால் கல்லூரிக் கலந்தாய்வின்போது தமிழ்நாட்டுக்காரர் என்று காட்டப் பிறப்பிடச் சான்று தேவைப்படும். பன்னிரண்டு படிக்கும் வருடமே வாங்கி வையுங்கள்.

படிப்புப் படி

பிள்ளைகள் கல்விப் படி 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய், விடுதியில் இருந்தால் விடுதி மானியம் அதிகபட்சம் 8,437.50 ரூபாய், மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு. அரசுப் பள்ளியில் ஃபீஸ் இல்லை, அதனால் கிடைக்காது என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கல்விப் படிக்குச் செலவு எவ்வளவு என்பது கணக்கில்லை, தொகை நிலையானது. தலைமையாசிரியரின் படிப்புச் சான்று போதும். வருட நடுவில் மாறிய பிள்ளைக்கு இரண்டு பள்ளியிலும் தேதி குறிப்பிட்டுச் சான்று வாங்குங்கள். ஒன்று மட்டும் வைத்தால் மீதி மாதங்களுக்குக் கேள்வி வரும்.

லீவு முடிந்து அப்பா கிளம்பிய வாரம்

பள்ளியில் சேர்த்த முதல் வாரத்தைவிட இந்த வாரம் கடினம். அப்பா இருந்த ஒரு மாதமும் பிள்ளை பறந்திருக்கும். ரயில் ஏறிப் போன மறுநாள் வயிற்றுவலி, எழுதாத வீட்டுப்பாடம், தம்பியோடு அடிதடி. ஒழுக்கக்கேடு என்று பள்ளியில் எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அப்பா கிளம்பும் தேதியை வகுப்பாசிரியர் டைரியில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ரயிலைப் பரீட்சைக்கு முந்தைய நாள் போட வேண்டாம். முடிந்தால் வெள்ளிக்கிழமை, பிள்ளைக்கு இரண்டு நாள் கிடைக்கும்.

தூங்கும்போது பிள்ளையிடம் சொல்லாமல் கிளம்புவது நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அடுத்த லீவு முழுக்க அது தூங்காமல் காவல் காக்கும். சொல்லிவிட்டே போகட்டும்.

எல்லையில் பதற்றம் என்று செய்தி ஓடும் நாட்களில் வீட்டில் டிவியை அணைத்துவிட்டாலும் பள்ளி வேனில் பேச்சு வரும். "உங்கப்பா அங்கதானே இருக்கார்?" என்று இன்னொரு பிள்ளை கேட்டுவிடும். அன்று காலையே நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: அப்பாவுக்கு நிறைய வேலை, போன் வராது, வந்ததும் உன்னிடம் கொடுக்கிறேன். கடைசியாக எப்போது பேசினீர்கள் என்ற நாளையும் சொல்லுங்கள். "ஒன்றும் ஆகாது" என்பதைவிட நாள் கணக்கு பிள்ளைக்குப் பிடிமானம்.

"ஹிந்திக்காரி" என்ற பட்டப்பெயர் கட்டாயம் வரும். கோபப்பட்டால் ஒட்டிக்கொள்ளும். "ஆமா, எனக்கு மூணு பாஷை தெரியும்" என்று சொல்லப் பழக்கிவிடுங்கள். இரண்டாவது மாதத்தில் யாராவது கிரிக்கெட் கமென்ட்ரிக்கு அர்த்தம் கேட்டு வருவார்கள்.

மறுபடி கிளம்பும்போது

பீஸ் ஸ்டேஷன் ஆர்டர் வந்ததும் அதே வேலை தலைகீழாக. யூடைஸிலும் எமிஸிலும் விடுவிப்பு, தேதியிட்ட படிப்புச் சான்று, நடப்பு ஆண்டு மதிப்பெண், டிசி. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை கேவிக்கோ ஆர்மி பப்ளிக் ஸ்கூலுக்கோ போகிறது என்றால் ஹிந்தியை மூன்று மாதம் முன்பே தூசி தட்டுங்கள். இரண்டு வருடத்தில் எழுத்து மறந்திருக்கும், காது மறந்திருக்காது. மதிப்பெண் பட்டியல் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டு வாங்குங்கள். வடக்கே கவுண்டரில் அதை வாசிக்க ஆள் கிடையாது.

பெட்டியில் ஒரு தமிழ்ப் புத்தகமாவது போகட்டும். கடிதப் பழக்கம் நிற்க வேண்டியதில்லை; இனி அது உசிலம்பட்டியில் இருக்கும் அப்பத்தாவுக்குப் போகும். பிளாஸ்டிக் கோப்பு இந்த முறையும் லாரியில் ஏறக் கூடாது.